ஷபானின் வாளியும் ஷபானின் அண்ணியும்

எங்கள் பக்கத்தில் எதை அனுப்பினாலும் பஸ் டிரைவரிடம் கொடுத்துத்தான் அனுப்புவோம். மகள் வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி, தலைநகர் ஸ்கோப்யேயில் படிக்கிற பையன் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, கால் கட்டிய கோழி, மாத்திரைப் பொட்டலம், எல்லாம் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஏறும். போய்ச் சேருகிற ஊரில் ஓர் ஆள் நின்று வாங்கிக்கொள்வார். மலைமேல் டெரேகோய் கிராமத்தில் இருக்கும் துருக்கிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்களையும் இதே முறையில் அனுப்பி வந்தார்கள். வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் டிராக்டரில் ராடோவிஷ் பஸ் நிலையம் வரை கூட்டி வருவார். "இவங்களை இன்ன இடத்துல இறக்கி விட்டுடுப்பா" என்று டிரைவர் காதில் போட்டுவிட்டுத் திரும்பிப் போவார். அந்தப் பெண் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. திறந்தாலும் யாருக்குப் புரியும்? மலையில் பேசுவது துருக்கி, கீழே பேசுவது மாசிடோனிய மொழி.

நஸ்மியேவும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, டெரேகோய் கிராமத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. வரப்புத் தகராறு வந்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் குரல் உயர்ந்தால் இமாம்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட நஸ்மியே, தார்ச் சாலையில் கால் வைத்ததும் ஊமை. படித்தது நாலு வகுப்பு, அதுவும் துருக்கி மொழியில். மாசிடோனிய மொழி சொல்லிக்கொடுக்க வேண்டிய வாத்தியார் பனி விழுந்தால் பனி என்று வரமாட்டார், பனி உருகினால் சேறு என்று வரமாட்டார். அவர் புண்ணியத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாய், பூனை, வீடு. நாயையும் பூனையையும் வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறுவது?

அப்பா இறந்த அன்றைக்குத்தான் அதன் வலி அவளுக்கு உறைத்தது. அவள் பிறந்த ஊர் தெற்கே வலாந்தோவோவுக்கு மேலே இருக்கிறது. கணவன் ருஸ்தெமும் மகனும் இத்தாலியில் கட்டட வேலையில் இருந்தார்கள். கொழுந்தன் ஷபான்தான் அவளை டிரைவரிடம் ஒப்படைத்தான். பாதி வழியில் டிரைவர் மாறினான். பழையவன் புதியவனிடம் சொல்ல மறந்துவிட்டான். தன் ஊருக்குப் பிரிகிற சாலை ஜன்னலோரம் வந்து பின்னால் போவதை நஸ்மியே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நிறுத்து என்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. துருக்கியிலேயே கத்தியிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, வீட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். பஸ் முழுக்கத் தெரியாத முகங்கள். அவள் முக்காட்டு நுனியை வாயில் கடித்துக்கொண்டு கிரேக்க எல்லையோரம் கெவ்கெலியா வரை போய்விட்டாள். திரும்பி அப்பா வீடு வந்து சேர்ந்தபோது ஆண்கள் கபரஸ்தானில் அடக்கம் முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தங்கை ஹுஸ்னியே வாசலில் அவளைக் கட்டிக்கொண்டு, "எங்கக்கா போயிட்ட?" என்று கேட்டாள்.

மறு வருஷம் வசந்தத்தில், ஒரு சந்தை நாளன்று, ஷபான் டீக்கடைக்குள் நுழைந்ததும் அவள் நேராகப் பஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே சீட்டுக் கொடுப்பவள் ரத்கா. புருஷன் செத்துப் பல காலம் ஆகியும் அவனைத் திட்டுவதை நிறுத்தாதவள். அவள் அப்பன் சந்தையில் கடை வைத்திருந்ததால் துருக்கி தாராளமாக வரும். முக்கால்வாசிப் பேர் டிரைவரிடமே காசு கொடுத்து ஏறிவிடுவதால், ரத்காவுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சிகரெட் பிடிப்பதைத் தவிரப் பெரிய வேலை இல்லை.

"எனக்கு மாசிடோனிய மொழி வேணும்" என்றாள் நஸ்மியே, கத்தரிக்காய் கேட்கிற தோரணையில்.

"முழுசாவா?"

"முழுசு எதுக்கு? பஸ்ஸுக்கு மட்டும்."

"சரி. முதல்ல வணக்கம் சொல்லக் கத்துக்கோ. அப்புறம், எப்படி இருக்கீங்கன்னு கேட்கணும்."

"அதை நான் ஏன் கேட்கணும்? டிரைவரை மாப்பிள்ளை பார்க்கவா போறேன்? நிறுத்துன்னு சொல்லணும். அதுக்கு என்ன வார்த்தை, அதைச் சொல்லு."

ரத்கா சிரித்த சிரிப்பில் சிகரெட் மடியில் விழுந்தது.

அன்றிலிருந்து சந்தை நாள்தோறும் பாடம். நஸ்மியே தயிர் கொண்டுவருவாள், மிளகாய் கொண்டுவருவாள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் ரத்காவுக்குச் சிநேகிதி என்று யாரும் கிடையாது. முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். "எங்கே போகணும்? ஒரு வழியா, போக வரவா? சத்தமா! கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக்கீச்சுன்னு சொன்னா எனக்குக் கேட்காது." நஸ்மியே தடுமாறினால், "வரிசையில கடைசியில போய் நில்லு, அடுத்த ஆள் வாங்க" என்று விரட்டிவிடுவாள். நஸ்மியேவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் நின்று மறுபடி வருவாள். ஒருநாள் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் பொறுக்க முடியாமல், "இந்தம்மா ஒரே காலையில எத்தனை தடவைதான் ஸ்கோப்யே போவாங்க?" என்று கேட்டுவிட்டார்.

கோடை வந்து புகையிலை பறிப்பு தொடங்கியது. இலைகளை நீள ஊசியில் கோத்துக் கயிற்றில் தொங்கவிடுகிற வேலை, கை ஓயாது. நஸ்மியே இலைக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிச் சொல்லிக் கோத்தாள். இந்த இடம் காலியா. எப்போது புறப்படும். தாமதமா. நேராகப் போகுமா, மாறி ஏற வேண்டுமா. "எங்க அண்ணி புகையிலைக்கெல்லாம் டிக்கெட் போடறாங்க!" என்று ஷபானின் மனைவி கேலி பண்ணினாள். இலையுதிர் காலத்துக்குள் பஸ் விஷயம் எதுவும் நஸ்மியேவுக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு ரொட்டி கேட்டு வாங்க வராது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

கற்றதைக் காட்டத்தான் வாய்ப்பு வரவில்லை. எங்கே போக வேண்டுமென்றாலும் ஷபான் முந்திக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி, நான் ஏத்தி விடறேன்" என்பான். நல்லவன்தான். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

குளிர்காலத்தில் ஒரு மாலை ஹுஸ்னியே போன் செய்தாள். பித்தப்பையில் கல். பக்கத்து வீட்டுக்காரி அவளை ஷ்டிப் நகர ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். இதைத் தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தார்.

"நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறாங்களாம்க்கா. இங்க ஒருத்தர் பேசறதும் எனக்குப் புரியல. எதைக் கேட்டாலும் தலையாட்டறேன். எதுக்கு ஆட்டினேன்னு எனக்கே தெரியல."

"உன் வீட்டுக்காரர்?"

"அவரும் இத்தாலியிலதானே இருக்கார். அக்கா, நீ வா. உன் முகத்தைப் பார்க்காம நான் உள்ள போகமாட்டேன். டாக்டர் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, போகமாட்டேன்."

ஹுஸ்னியே சொன்னால் சொன்னதுதான். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆயிற்றே.

மறுநாள்தான் புகையிலைக் கொள்முதல். வருஷம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு விலை நிர்ணயிக்கிற நாளில் ஷபான் ராடோவிஷைத் தாண்டி நகர முடியாது. "கவலையே படாதீங்க அண்ணி. டிரைவர் ட்ரைச்சே நமக்கு வேண்டியவர். ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விடுவார்."

"நானே போய்க்கறேன் ஷபான். யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

"நீங்களா?" ஷபான் வாய்விட்டுச் சிரித்தான். "மறுபடி கெவ்கெலியா பார்க்கணுமா?"

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வாய் தவறி வந்ததுதான். ஆனால் நஸ்மியே எழுந்து போய்ப் பையைக் கட்ட ஆரம்பித்தாள்.

காலையில் மூடுபனி. பஸ் நிலையத்தில் ஷபான் வழக்கம்போல் டிரைவர் ட்ரைச்சேயின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். ஸ்கோப்யேயில் படிக்கிற மகன் எர்ஹானுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையச் சீஸ் கொண்டுவந்திருந்தான். வாளியையும் ஒப்படைத்தான், அண்ணியையும் ஒப்படைத்தான். அந்த நேரத்தில் அண்ணி அங்கே இல்லை. கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கே?" என்றாள் ரத்கா, வேற்று ஆளைப் பார்க்கிற அதே முகத்தோடு.

"ஷ்டிப். போக வர."

"எத்தனை பேர்?"

"சாமா" என்றாள் நஸ்மியே. தனியாக, ஒருத்தியாக, என்று அர்த்தம்.

ரத்கா சீட்டைக் கிழித்து நீட்டினாள். அதற்கு மேல் அவளால் அந்த முகத்தை வைத்திருக்க முடியவில்லை. "போடி, உன் தங்கச்சியைப் பார்த்துட்டு நல்லபடியா வா" என்று துருக்கியில் சொல்லிவிட்டு, கண்ணைக் கசக்கியபடி சிகரெட் புகையைத் திட்டினாள்.

பஸ்ஸில் ஓர் ஆள் பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தார். "இந்த இடம் காலியா?" என்று நஸ்மியே கேட்டாள். "காலிதான், உட்காருங்க" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது, சந்தோஷத்தில்.

ஷ்டிப்புக்குப் பாதி தூரத்தில் ட்ரைச்சேயின் கிராமம். அன்றைக்கு அவர் வீட்டில் விசேஷம். முன் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த மாற்று டிரைவர் சாந்தே, வேலைக்குப் புதிது, அவனை எழுப்பி ஓட்டச் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஷபானோடது ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆஸ்பத்திரி வாசல், ஒண்ணு ஸ்கோப்யே. மறந்துடாதே!"

நஸ்மியேவுக்கு அத்தனையும் புரிந்தது. இரண்டு, ஆஸ்பத்திரி, ஸ்கோப்யே, மறக்காதே. புரிந்த மகிழ்ச்சியில், எது எங்கே என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

சாந்தேயைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவது எப்போதும் சாப்பாடுதான். நோயாளி வீட்டுக்காரர்கள் தினம் தூக்குவாளி கொடுத்து அனுப்புகிறார்கள். மூட்டையும் கையுமாக உட்கார்ந்திருக்கிற துருக்கிப் பெண்மணி ஸ்கோப்யேக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஷ்டிப் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை மெதுவாக்கி, ஜன்னல் வழியாக வாளியைக் காவலாளி கையில் கொடுத்தான். நஸ்மியே முட்டியை ஊன்றி எழுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் இரும்புக் கதவு ஜன்னலோரம் வந்து பின்னால் போனது. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கை அன்றைக்குப் போலவே தானாக முக்காட்டு நுனியைத் தேடியது. உள்ளே ஹுஸ்னியே கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் கை நின்றது.

"நிறுத்துங்க!"

மாசிடோனிய மொழிதான். ஆனால் குரல் டெரேகோய்க் குரல். வரப்புத் தகராறைத் தீர்க்கிற குரல். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சாந்தே கண்ணாடியில் பார்த்தான். "உட்காருங்கக்கா. ஸ்கோப்யே இன்னும் ரொம்ப தூரம்."

"ஸ்கோப்யே இல்ல. நான் இங்க. இறங்கறேன்."

"நீங்க ஷபானோட ஆள்தானே? ஒண்ணு ஆஸ்பத்திரி, ஒண்ணு ஸ்கோப்யே. ஆஸ்பத்திரிக்கு உள்ளதைக் கொடுத்தாச்சுக்கா."

"கொடுத்தது சீஸ்! சீஸ், ஸ்கோப்யே. நான், ஆஸ்பத்திரி!"

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. பின் இருக்கையிலிருந்து ஒரு பெண், "ஏம்ப்பா, சீஸுக்கு என்ன நோவு, ஆபரேஷனா?" என்றாள்.

சாந்தேக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் போனைத் தேடினான். "எனக்கு என்னங்க தெரியும்? இருங்க, ஷபான் அண்ணனையே கேட்டுடறேன்."

அதுதான் நஸ்மியேவுக்குப் பொறுக்கவில்லை. எதிரில் ஆள் நின்று சொல்கிறாள், இவன் மலைமேல் இருக்கிறவனைக் கேட்கப் போகிறான். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். சீட்டை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். இருந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஷபான் இல்ல. நான். டிக்கெட், என்னுது. ஷ்டிப். சாமா."

யாரும் சிரிக்கவில்லை. தொப்பிக்காரர் தன் இருக்கையிலிருந்து சொன்னார்: "நிறுத்துப்பா. அந்தம்மா நம்ம மொழியிலதானே சொல்றாங்க. இன்னும் யாரைக் கேட்கணும் உனக்கு?"

பஸ் நின்றது. கதவைத் திறந்துவிட்டு சாந்தே தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுடுங்கக்கா" என்றான். பரவாயில்லை என்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. மரியாதைப் பேச்சையெல்லாம் வேண்டாம் என்று சொன்னவள் அல்லவா. தெரிந்ததில் நல்லதாக ஒன்றைத் தேடி, "நல்ல பயணம்" என்று அவனை வாழ்த்திவிட்டு இறங்கினாள்.

மேட்டில் மூச்சு வாங்க நடந்தாள், பாதி ஓட்டம். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வாளியோடு நின்று, "இது யாருக்கு?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நிற்காமலே அதையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஹுஸ்னியே சொன்னபடியே செய்துகொண்டிருந்தாள். தள்ளுவண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் தயாராக நின்றது. அவள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நர்ஸ் கெஞ்சிப் பார்த்துவிட்டு அதட்டும் கட்டத்துக்கு வந்திருந்தாள். வாசலில் அக்காவைப் பார்த்ததும் ஹுஸ்னியேயின் கை தளர்ந்தது. அடுத்த நொடி அவள் பார்வை அக்காவைத் தாண்டி, பின்னால் யார் வருகிறார்கள் என்று தேடியது.

"யாருக்கா கூட்டிட்டு வந்தா? ஷபானா?"

"யாரும் இல்ல. நானே வந்தேன்."

"நீயேன்னா? யாரு ஏத்தி விட்டா? யாரு இறக்கி விட்டா?"

"நானே ஏறினேன், நானே இறங்கினேன். கம்பியை விடுடி, அந்தப் பொண்ணு பாவம்."

டாக்டர் உள்ளே வந்தார். கூட வந்தவர் யார் என்று கேட்டார். நஸ்மியே முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரிப் பேச்சு எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைக் கேட்டாள்: "எப்போ புறப்படும்? எவ்வளவு நேரம்? தாமதம் ஆகுமா?"

டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு நிதானமாக, பயணிக்குச் சொல்வது போலவே சொன்னார்: "இப்பவே புறப்படுது. மதியத்துக்குள்ள வந்துடும். தாமதம் ஆகாது."

"என்னக்கா சொல்றார்?" என்று ஹுஸ்னியே அவள் கையைப் பிடித்தாள்.

"மதியத்துக்குள்ள திரும்பி வந்துடுவியாம். பேசாம படு." தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஆசை தீரப் பார்த்தாள். அப்புறம்தான் வண்டியைத் தள்ள விட்டாள்.

வராந்தாவில் காத்திருந்தபோது ஷபான் போன் செய்தான். குரலில் பதற்றம். "அண்ணி, எர்ஹான் ஸ்கோப்யே ஸ்டாண்டுல நிக்கறான். சீஸ் வரலையாம்! எங்க போச்சு?"

"சீஸ் ஷ்டிப்லயே இறங்கிடுச்சு. என் மடியில இருக்கு. நானும் பத்திரமா வந்து சேர்ந்துட்டேன், கேட்டதுக்கு ரொம்ப நன்றி."

"நீங்க... நீங்களே சொல்லியா இறங்கினீங்க?"

"அதை சாந்தேயைக் கேளு" என்று சொல்லிவிட்டு நஸ்மியே போனை வைத்தாள். மனசு நிறைந்திருந்தது.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. மதியத்துக்கு முன்பே ஹுஸ்னியேவைக் கல் இல்லாமல் கொண்டுவந்து கட்டிலில் விட்டார்கள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. கண்ணைத் திறக்காமலே அவள் துருக்கியில் உரக்கச் சொல்லத் தொடங்கினாள்: "எங்க அக்கா தனியா வந்தா! பஸ்ஸுல! தன்னந்தனியா!" நிறுத்துவதாக இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நர்ஸ் வேகமாக வந்தாள். ஹுஸ்னியேயின் வயிற்றைக் காட்டி, "என்ன கத்தறாங்க? வலிக்குதாமா?" என்று கேட்டாள்.

நஸ்மியேவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மொழிபெயர்க்க அங்கே வேறு ஆள் இல்லை. "இல்ல. அவ சொல்றா... நான் பஸ்ஸுல வந்தேன். சாமா."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கென்ன? எல்லாரும் பஸ்ஸுலதானே வர்றாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நஸ்மியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஹுஸ்னியே ஒரு கண்ணைத் திறந்தாள். "என்னக்கா சொன்னா அவ?"

"எல்லாரையும் போலத்தான் நானும் வந்தேனாம்" என்றாள் நஸ்மியே.